மறையெண்ணும் மொழியும்: கைப்பேசிச் செயலியின் நுழைவாயிலில் தமிழ்



இலக்கணம் அல்லது இலக்கியம் பற்றிய உரையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்றைய தலைப்பு சற்று வியப்பளிக்கலாம். ஒரு கைப்பேசிச் செயலியில் ஆறு இலக்கங்களைத் தட்டி உள்ளே நுழைவதற்கும் தமிழ் மொழியியலுக்கும் என்ன தொடர்பு? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சிலர், மூத்தோர் வாசிப்புக் குழு ஒன்றுக்காகச் செயலி ஒன்றை உருவாக்கினர். நூல் இரவல், கூட்ட அறிவிப்பு, சந்தாக் கணக்கு, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் தொலைபேசி எண், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவை அதில் இடம்பெற்றன. பணமும் மருந்தும் உள்ள இடத்துக்குப் பூட்டு வேண்டும். ஆகவே மறையெண் இட்டு நுழையும் முறையை அவர்கள் சேர்த்தனர். நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் திரைச்சொற்கள் அமைய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். தமிழ்ப் பகுதியைப் பார்த்துத் தருமாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரையும் எங்களையும் அழைத்தனர். மொத்தம் 40 தொடர்கள்தாம். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் என்று எண்ணினோம். பல வாரங்கள் பிடித்தன. அவ்வாரங்களில் கற்றவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றோம்.

1. 'பின்' என்னும் சொல்

செயலியின் முதல் வரைவில் நுழைவுத் திரையில் இரண்டே சொற்கள் இருந்தன: 'பின் உள்ளிடவும்'. அதன்கீழ் ஆறு வெற்றுக் கட்டங்கள். எங்கள் குழுவில் மூத்தவரான அம்மையார் ஒருவர், தொடக்கப்பள்ளியில் 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவர், திரையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அருகிலிருந்த மாணவரிடம், "தம்பி, பின் உள்ளிடச் சொல்கிறதே, முன் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார்.

அனைவரும் சிரித்தோம். ஆனால் அவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. தமிழில் 'பின்' என்றால் பிறகு என்று பொருள். 'பின் உள்ளிடவும்' என்றால் பிறகு உள்ளிடவும் என்றுதான் ஒருவர் படிப்பார். தமிழ் தெரியாததால் அவர் தடுமாறவில்லை. நன்கு தெரிந்ததால்தான் தடுமாறினார்.

ஆங்கிலத்தில் இச்சொல் மூன்று தலைப்பெழுத்துகளாக எழுதப்படுகின்றது. பெரிய எழுத்தில் இருப்பதால், குத்தூசியைக் குறிக்கும் சொல்லோடு எவரும் அதைக் குழப்பிக்கொள்வதில்லை. தமிழ் எழுத்தில் பெரிது சிறிது என்னும் வேறுபாடு இல்லை. எனவே ஒலிபெயர்த்த உடனே அச்சுருக்கம் தன் அடையாளத்தை இழந்து, நம்மிடம் முன்னரே இருக்கும் சொல்லோடு கலந்துவிடுகின்றது.

வேற்றுமை உருபு சேரும்போது சிக்கல் பெருகுகின்றது. இரண்டாம் வேற்றுமை சேர்ந்தால் 'பின்னை'. அதற்கும் பிறகு என்னும் பொருள் உண்டு. மூன்றாம் வேற்றுமை சேர்ந்தால் 'பின்னால்'. 'பின்னால் திறக்கவும்' என்று எழுதினால், மறையெண்ணைக் கொண்டு திறப்பதா, பிறகு திறப்பதா, பின்புறமாகத் திறப்பதா? 'பின் மறந்துவிட்டதா?', 'பின் மாற்றவும்', 'பின் செல்' ஆகியவற்றை ஒரே திரையில் வைத்தால், மூன்றாவது மட்டும் முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் பொத்தான் என்பதை எவ்வாறு உணர்வது?

'பின்கோடு' என்று எழுதிவிட்டால் தீராதா என்று ஒரு மாணவர் கேட்டார். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு முதல் அச்சொல் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண்ணையே குறித்து வருகின்றது. அங்கிருந்து வந்து இங்கு வாழ்வோர் நம்மிடையே பலர். சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடும் 1995 முதல் ஆறு இலக்கமே. ஆறு கட்டங்களைக் காட்டி 'பின்கோடு' கேட்டால், ஒருவர் தம் வீட்டின் அஞ்சல் குறியீட்டை இடுவது இயல்பு. அதுவே அவரது மறையெண்ணாகப் பதிந்துவிட்டால், அவர் முகவரி அறிந்த எவரும் உள்ளே நுழையலாம்.

'பின் எண்' என்பது மக்கள் வழக்கு. சுருக்கத்திலேயே எண் என்பது அடங்கியிருக்க, மீண்டும் எண் எதற்கு என்று சிலர் குறை கூறுவர். ஆங்கிலம் பேசுவோரும் அவ்வாறே இரட்டித்துக் கூறுகின்றனர். கேட்பவர் ஐயமின்றி உணர்வதற்காக மக்கள் செய்துகொண்ட உதவி அது. பேச்சில் அது போதும். திரையில் எழுதும்போது, பின்னர் வரும் எண் என்னும் பொருளும் தலைகாட்டுவதால் நாங்கள் அதைத் தவிர்த்தோம்.

கடவெண், இரகசிய எண், தனிப்பட்ட அடையாள எண், மறையெண் என்று பல சொற்கள் எங்கள்முன் இருந்தன. இறுதியில் மறையெண்ணைத் தேர்ந்தோம். மறைச்சொல் என்பது இங்குள்ள தமிழர் காதுக்குப் பழகிய சொல். அதன் உடன்பிறப்பாக மறையெண் எளிதில் விளங்குகின்றது. 'மறை' என்னும் வினைப்பகுதியும் 'எண்' என்னும் பெயரும் சேர்ந்த வினைத்தொகை அது. மறைந்த எண், மறைகின்ற எண், மறையும் எண் என முக்காலத்துக்கும் விரியும். நேற்றும் இன்றும் நாளையும் மறைந்தே இருக்க வேண்டிய ஒன்றுக்கு வினைத்தொகையைவிடப் பொருத்தமான வடிவம் ஏது? வகுப்பில் வினைத்தொகைக்கு ஊறுகாயையே எடுத்துக்காட்டாகக் கூறிச் சலித்த ஆசிரியர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2. எண்ணா, எழுத்தா?

செயலியைச் சோதித்தபோது உறுப்பினர் ஒருவர் சுழியத்தில் தொடங்கும் மறையெண்ணைத் தேர்ந்தார். மறுநாள் அதையே இட்டபோது செயலி ஏற்க மறுத்தது. காரணம் எளிது. நிரல் எழுதிய மாணவர் மறையெண்ணை ஓர் எண்ணாக, அதாவது அளவாக, கருதிச் சேமித்திருந்தார். அளவு என்று கொண்டால் 004281 என்பதும் 4281 என்பதும் ஒன்றே. முன்னால் நிற்கும் சுழியங்களுக்கு மதிப்பில்லை. கணினி அவற்றை உதிர்த்துவிட்டது.

உண்மையில் மறையெண் ஓர் அளவன்று. அதைக் கூட்டுவதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது என்று ஒப்பிடுவதும் இல்லை. அது குறிகளின் வரிசை. பத்தே எழுத்துகள் கொண்ட ஒரு மொழியில் எழுதப்பட்ட சொல் என்று அதைக் கூறலாம். எனவே எழுத்துச் சரமாகவே அதைக் கையாள வேண்டும் என்பது நிரலாளர் அறிந்த விதி. புதிதாக எழுதுவோர் மறக்கும் விதியும் அதுவே.

தமிழ் மரபை நோக்கினால் இச்செய்தி மேலும் சுவை பெறுகின்றது. பழந்தமிழ் எண் எழுத்தில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு: ௰, ௱, ௲. இடமதிப்பைக் காக்கச் சுழியம் தேவைப்படவில்லை. அம்முறையில் 42 என்பதை எழுதலாம். 0042 என்பதை எழுத வழியே இல்லை. தமிழ்ச் சுழியக் குறி ஒருங்குறியில் சேர்ந்ததும் பிற தமிழ் எண்குறிகளுக்குப் பிந்தியே, 2005இல் வெளிவந்த 4.1ஆம் பதிப்பில்தான். இதனால் நிரலாளர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ௧ என்பதும் 1 என்பதும் நமக்கு ஒரே எண். கணினிக்கோ வெவ்வேறு குறிகள். தமிழ் எண்குறி தரும் விசைப்பலகையை ஒருவர் பயன்படுத்தினால், ஒப்பிடுவதற்குமுன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்ற வேண்டும்.

சுழியத்தின் பெயரிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கின்றது. சுழியம், பூஜ்ஜியம், சைபர், ஜீரோ என்று பல பெயர்கள் நம்மிடம் உள்ளன. மலாய் வழியாகக் 'கோசோங்' என்றும் நம்மவர் கூறுவர். இவற்றுள் சைபர், ஜீரோ ஆகிய இரண்டும் அரபுச் சொல் ஒன்றிலிருந்து ஐரோப்பா வழியே பிரிந்து வந்தவை. அந்த அரபுச் சொல்லே, வெறுமை என்னும் பொருளுடைய வடசொல் சூனியத்தின் மொழிபெயர்ப்பு என்பர். பின்னாளில் ஐரோப்பிய மொழிகளில் அதே சொல் மறையெழுத்தையும் குறிக்கலாயிற்று. ஆக, சுழியமும் மறையும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள்.

அப்படியாயின் மறையெண் என்னும் பெயரிலுள்ள 'எண்' தவறா? அன்று என்பதே எங்கள் கருத்து. தமிழில் எண்ணுதல் என்பதற்குக் கணக்கிடுதல் மட்டுமன்றி நினைத்தல் என்னும் பொருளும் உண்டு. மனத்தில் மறைத்து வைத்த எண்ணமும் மறையெண்ணே.

திரை காண இயலாதோருக்காகக் கைப்பேசி வாய்விட்டுப் படிக்கும் வசதி உள்ளது. குறுஞ்செய்தியில் வந்த 482615 என்னும் குறியீட்டை அது, 'நான்கு இலட்சத்து எண்பத்திரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து' என்று படித்தால் எவர் அதை நினைவிற்கொண்டு தட்ட முடியும்? நான்கு, எட்டு, இரண்டு என்று இலக்கம் இலக்கமாகப் படிக்குமாறு அமைக்க வேண்டும். எண்ணுக்கும் இலக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கும் பயன்படுகின்றது.

3. இடுதல், உறுதிசெய்தல், சரிபார்த்தல்

மறையெண்ணோடு தொடர்புடைய செயல்கள் மூன்று. முதன்முறை அமைக்கும்போது ஒருவர் ஆறு இலக்கங்களை இடுகின்றார். கை தவறியிருக்கலாம் என்பதால் செயலி அதையே மறுமுறை கேட்டு இரண்டையும் ஒப்பிடுகின்றது. இது உறுதிசெய்தல். பிறகு ஒவ்வொரு முறை நுழையும்போதும், இட்டது முன்பு அமைத்ததோடு பொருந்துகின்றதா என்று பார்க்கின்றது. இது சரிபார்த்தல். முதல் வரைவில் இம்மூன்றுக்கும் 'சரிபார்ப்பு' என்னும் ஒரே சொல் வழங்கியது. 'மறையெண்ணைச் சரிபார்க்கவும்' என்று திரை கூறியபோது, சரிபார்க்க வேண்டியது தாமா, கருவியா என்று பயனாளர் குழம்பினர். சரிபார்ப்பது கருவியின் வேலை. மனிதரிடம் கேட்க வேண்டியது, 'அதே மறையெண்ணை மீண்டும் ஒருமுறை இடுங்கள்' என்பதே.

இங்கே மரியாதை பற்றிய வினாவும் எழுந்தது. திரையில் 'அழி', 'அனுப்பு' என்று பொத்தான்கள் இருந்தன. முதியவரைப் பார்த்து 'அழி' என்று ஒருமையில் ஏவலாமா என்று எங்களுள் ஒருவர் சினந்தார். நெடிய உரையாடலுக்குப் பின்னர் ஒரு தெளிவு பிறந்தது. திரையில் இருவர் பேசுகின்றனர். வாக்கியங்கள், கருவி மனிதரிடம் பேசுபவை. ஆகவே அவற்றில் 'இடுங்கள்', 'காத்திருங்கள்' என்னும் மரியாதை வடிவம் வேண்டும். பொத்தான்களோ, மனிதர் கருவிக்கு இடும் கட்டளைகள். 'அழி' என்று ஏவுபவர் பயனாளரே. அங்கு ஒருமை ஏவல் பொருந்தும். இந்த ஒரு விதியைக் கொண்டதும் பாதித் தொடர்கள் தாமாகவே சீராயின.

மறையெண் எவ்வாறு சேமிக்கப்படுகின்றது என்பதும் சொல்லாட்சியைத் தீர்மானிக்கின்றது. முறையாக எழுதப்பட்ட செயலி மறையெண்ணை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. அதுபோல ஒருவழிக் கணக்கீடு ஒன்றால் மறையெண் உருமாற்றப்படுகின்றது. ஒரே மறையெண்ணைக் கொண்ட இருவரின் மாவும் ஒன்றாகிவிடாதிருக்க, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு சரம் கலக்கப்படும். அதற்கு உப்பு என்றே கணினித் துறையில் பெயர். அந்த மாவே சேமிக்கப்படுகின்றது. அடுத்தமுறை ஒருவர் இடுவதையும் அதே வகையில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்ப்பதே சரிபார்த்தல்.

இதை அறிந்தபின் இரண்டு தொடர்களை மாற்றினோம். 'உங்கள் மறையெண் சேமிக்கப்பட்டது' என்பது உண்மையன்று. தம் இரகசியத்தை வேறொருவர் எழுதி வைத்திருப்பதாக அது எண்ணச் செய்யும். 'உங்கள் மறையெண் அமைக்கப்பட்டது' என்று திருத்தினோம். 'மறையெண்ணை மீட்டெடுக்க' என்பதும் அவ்வாறே. மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. மறந்தவர் புதியதொன்றை அமைக்கலாம், அவ்வளவே. ஆகவே 'புதிய மறையெண் அமைக்க' என்றாக்கினோம். யாராவது தொலைபேசியில் அழைத்து, "உங்கள் பழைய மறையெண்ணை மீட்டுத் தருகின்றோம்" என்று கூறினால் அது பொய் என்று உணரும் அறிவையும் இத்திருத்தம் தருகின்றது.

4. மூன்று எண்கள், மூன்று தன்மைகள்

முதல் வரைவின் மிகப் பெரிய குறை இனி வருவதே. செயலியில் மூன்று வகை எண்கள் கேட்கப்பட்டன. முதலாவது, உறுப்பினர் யார் என்று காட்டும் எண். இரண்டாவது, அவர் மனத்தில் வைத்திருக்கும் மறையெண். மூன்றாவது, குறுஞ்செய்தியில் வந்து சில நிமிடங்களில் காலாவதியாகும் எண். வரைவில் இம்மூன்றும் முறையே 'அடையாள எண்', 'தனிப்பட்ட அடையாள எண்', 'சரிபார்ப்பு எண்' எனப்பட்டன. மூன்று கதவுகளுக்கு ஏறத்தாழ ஒரே பெயர்.

மறையெண்ணை அடையாள எண் என்பது ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்பு. அந்த ஆங்கிலப் பெயரே பிழையானது என்பது எங்கள் துணிபு. அடையாளம் என்பது பிறர் அறிய வேண்டியது. அறியப்படுவதற்காகவே அது இருக்கின்றது. மறையெண்ணோ எவரும் அறியக்கூடாதது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அடையாள அட்டை எண் குறித்து எழுந்த விவாதம் உங்கள் நினைவில் இருக்கும். அவ்வெண் ஒருவர் யார் என்பதைக் காட்டுவதற்கு உரியது, அதை மறைச்சொல்லாகப் பயன்படுத்தலாகாது என்று அப்போது வலியுறுத்தப்பட்டது. அந்நீண்ட விவாதத்தைத் தமிழில் இரு சொற்களில் அடக்கலாம்: அடையாள எண் வேறு, மறையெண் வேறு. பெயரிலேயே வேறுபாடு தெரிந்தால் மயக்கம் குறையும்.

மூன்றாவது எண்ணுக்கு 'ஒருமுறைக் குறியீடு' என்று பெயரிட்டோம். அது ஒருவரிடம் ஏற்கெனவே இருப்பதன்று, அவருக்கு அனுப்பப்படுவது. ஆகவே அத்திரையில், 'உங்கள் கைப்பேசிக்கு இப்போது அனுப்பப்பட்ட ஒருமுறைக் குறியீட்டை இடுங்கள்' என்று விரிவாக எழுதினோம். மறையெண் திரையில், 'நீங்கள் அமைத்த 6 இலக்க மறையெண்ணை இடுங்கள்' என்று எழுதினோம். 'நீங்கள் அமைத்த', 'உங்களுக்கு அனுப்பப்பட்ட' ஆகிய இரு பெயரெச்சத் தொடர்களும் மூத்தோரின் தடுமாற்றத்தைப் பெருமளவு போக்கின. முன்பு, குறுஞ்செய்தியில் வந்த குறியீட்டை மறையெண் கட்டத்தில் மும்முறை இட்டுத் தம் கணக்கு பூட்டப்பட்டதைக் கண்டு கலங்கியோர் எங்கள் குழுவிலேயே இருவர்.

இப்பகுதியில் இலக்கணம் படித்தோர் மகிழும் ஒரு திருத்தமும் நிகழ்ந்தது. வரைவில், 'நாம் உங்கள் மறையெண்ணை ஒருபோதும் கேட்கமாட்டோம்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் கேட்பவரை உளப்படுத்தும் 'நாம்' வேறு, உளப்படுத்தாத 'நாங்கள்' வேறு. கேட்கமாட்டோம் என்று உறுதி கூறுவோர் செயலியை நடத்துவோர். பயனாளர் அதில் சேரார். 'நாங்கள்' என்பதே சரி. சிறு பிழைதானே என்று தோன்றலாம். ஆனால், பிழையான தமிழில் வரும் செய்தியை ஐயுற வேண்டும் என்று மூத்தோருக்கு நாம் அறிவுரை கூறுகின்றோம். உண்மையான செயலியே பிழையாக எழுதினால், மோசடிச் செய்தியை அவர்கள் எவ்வாறு பிரித்தறிவர்?

5. மறுப்பு இறுதியில் வரும் மொழி

தமிழ்த் தொடர்கள் நீளமானவை. கைப்பேசித் திரை சிறியது. இடம் போதாதபோது கருவி தொடரின் கடைப்பகுதியை வெட்டி மூன்று புள்ளிகளை இடுகின்றது. ஆங்கிலத்தில் இதனால் பெரும் தீங்கு நேர்வதில்லை, ஏனெனில் மறுப்புச் சொல் தொடக்கத்திலேயே வந்துவிடும். தமிழில் மறுப்பு வினையோடு சேர்ந்து இறுதியில் வருகின்றது.

செயலியில், 'மறையெண்ணைப் பிறரிடம் கூற வேண்டாம்' என்று ஓர் எச்சரிக்கை இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்த மூதாட்டி ஒருவரின் கைப்பேசியில் அது, 'மறையெண்ணைப் பிறரிடம் கூற…' என்று நின்றது. கூற வேண்டாம் என்றது கூறச் சொல்வதுபோல் ஆயிற்று. எழுத்தைப் பெரிதாக்குவோர் கண்பார்வை குறைந்த முதியோர். மோசடிக்காரர்கள் தேடுவதும் அவர்களையே.

இதற்கு இரு தீர்வுகள் கண்டோம். எச்சரிக்கைத் தொடர்களை எக்காரணத்தாலும் வெட்டாமல் அடுத்த வரிக்கு மடிக்க வேண்டும் என்பது நிரலாளருக்கு. மறுப்பை முன்னால் கொணரும் வகையில் தொடரை அமைக்க வேண்டும் என்பது எழுதுவோருக்கு. 'யாரிடமும் கூறாதீர்கள்: மறையெண் உங்களுக்கு மட்டும் உரியது' என்று மாற்றினோம். இது தமிழ் நெறிக்கு மாறானதன்று. அழுத்தம் வேண்டும்போது வினையை முன்னே நிறுத்துவது நம் பேச்சிலும் எழுத்திலும் உள்ளதே.

6. பொருந்தாதபோது என்ன கூறுவது?

தவறான மறையெண் இடப்பட்டபோது வரைவுத் திரை, 'செல்லாத உள்ளீடு' என்று சிவப்பில் அறிவித்தது. எது செல்லாதது, ஏன் என்று அதில் இல்லை. மாற்று வடிவமாக வந்த 'நீங்கள் தவறு செய்துவிட்டீர்கள்' என்பது குற்றம் சாட்டுவதுபோல் ஒலித்தது. நாங்கள் தேர்ந்தது, 'மறையெண் பொருந்தவில்லை. இன்னும் 2 முறை முயலலாம்' என்பது. உறுப்பினர் எண்ணையும் மறையெண்ணையும் ஒருங்கே கேட்கும் திரையில், 'எண்கள் பொருந்தவில்லை' என்றோம். இரண்டனுள் எது தவறு என்று வெளியிட்டால் திருடனுக்குத் துணையாகும் என்பது பாதுகாப்பு விதி. 'பொருந்தவில்லை' என்னும் சொல் எதையும் காட்டிக்கொடுக்காமல் உண்மையைக் கூறுகின்றது.

முயற்சிக்கு ஏன் வரம்பு வேண்டும்? நான்கு இலக்க மறையெண்ணுக்கு 10,000 வாய்ப்புகள், ஆறு இலக்கத்துக்குப் 10 இலட்சம் வாய்ப்புகள். மனிதர் ஒவ்வொன்றாக முயலச் சலிப்பர். கணினி சலியாது. எனவே சில முறை தவறினால் காத்திருக்கச் செய்வதே மறையெண்ணின் உண்மையான வலிமை. ஆனால் அதை அறிவிக்கும்போது, 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டது' என்று எழுதினால், சந்தாப் பணமே போயிற்று என்று ஒரு முதியவர் இரவெல்லாம் உறங்காதிருப்பார். 'பாதுகாப்புக்காக 30 நிமிடங்கள் காத்திருங்கள். உங்கள் பணமும் விவரங்களும் அப்படியே உள்ளன' என்று எழுதுவதற்குக் கூடுதலாக ஒரு வரியே தேவைப்பட்டது.

7. நிறைவுரை

மறையெண்ணின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியைக் கூறி நிறைவு செய்கின்றோம். ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் குட்ஃபெலோ 1966இல் மறையெண் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1967 ஜூன் 27ஆம் நாள் இலண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி நிறுவிய பணப்பொறியை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்டு பாரன். முதலில் ஆறு இலக்கங்களை எண்ணியிருந்த தாம், தம் மனைவி நான்கையே நினைவிற்கொள்ள முடியும் என்று கூறியதால் நான்காகக் குறைத்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நம் ஊரில் 'நாலு நம்பர்' என்றால் வேறொன்று நினைவுக்கு வரும். ஆனால் உலகெங்கும் வங்கி அட்டைகளில் பரவிய நான்கு இலக்க வழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வீட்டு உரையாடலும் உண்டு. பயன்படுத்தப் போகின்றவரிடம் ஒரு சொல் கேட்டதால் பிறந்தது அது.

எங்கள் அனுபவமும் இதையே உணர்த்துகின்றது. தொடக்கத்தில் குறிப்பிட்ட அம்மையாரிடம், பிற செயலிகளில் எவ்வாறு நுழைகின்றீர்கள் என்று வினவினோம். "பேரன் போட்டுத் தருவான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும்" என்றார். தமிழ்த் திரை விளங்கவில்லை, ஆங்கிலத் திரை பழக்கமில்லை. அதனால் அவர் இரகசியம் நான்கு பேரிடம் இருந்தது. அவர்கள் நல்லவர்கள். எனினும், தம் கதவைத் தாமே திறக்க இயலாதவர் என்னும் நிலை, வாழ்நாள் முழுவதும் பிறருக்கு எழுத்தறிவித்த ஒருவருக்கு நேர வேண்டுமா? தமிழ் அதிகாரத்துவ மொழியாக இருப்பதன் பொருள், திரையில் தமிழ் எழுத்துகள் தெரிவது மட்டுமன்று. அவ்வெழுத்துகளை நம்பி ஒருவர் தனியாக ஒரு செயலை முடிக்க இயல வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டளைத் தொடர், எச்சரிக்கைத் தொடர் ஆகியவற்றை எழுதும் பயிற்சிக்கு இத்தகைய திரைகளை வகுப்பில் பயன்படுத்துங்கள். வேற்றுமை, வினைத்தொகை, ஏவல், உளப்பாடு ஆகிய அனைத்தும் நாற்பது தொடர்களுக்குள் உள்ளன. மாணவர்களே, உங்களுள் பலர் நாளை செயலிகளை உருவாக்குவீர்கள். இயந்திர மொழிபெயர்ப்பு தந்ததை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். தாத்தா, பாட்டியின் கையில் கைப்பேசியைக் கொடுத்து, அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் பாருங்கள். அவர்கள் விரல் எந்தச் சொல்லருகே தயங்கி நிற்கின்றதோ, அந்தச் சொல்லைத் திருத்துங்கள்.

திருத்திய செயலியில் அந்த அம்மையார் தாமே மறையெண் அமைத்துக்கொண்டார். அது என்ன என்று பேரன் கேட்டானாம். கூற மறுத்துவிட்டதாக எங்களிடம் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.